விண்ணேணியும் லயக்காம்பிராவும்: ஆதர் கிளார்க்கின் நாவல் பற்றிய ஒரு திறனாய்வு

ஓர் இலக்கியத்தை அது பிறந்த மண்ணில் நின்று நோக்குதல் ஒரு முறை. அது களமாகக் கொண்ட மண்ணில் வாழ்வோர் பக்கத்தில் நின்று நோக்குதல் மற்றொரு முறை. முன்னையது ஆசிரியர் கூற எண்ணியதைப் புலப்படுத்தும். பின்னையது அவர் கூறாது விட்டதையும் புலப்படுத்தும். ஆதர் சி. கிளார்க் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்னும் ஆங்கில நாவல் இப்பின்னைய முறையால் ஆராயத்தக்கது. அந்நாவலின் நடுவே நிற்கும் மலை, தமிழர் சிவனொளிபாதம் என்றும் சிங்களவர் ஸ்ரீபாத என்றும் போற்றும் மலையே. அதற்குக் கிழக்கே, கெகெல்கமு ஓயாவின் தலைநிலமாய்க் கிடப்பது பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு. தேயிலையால் பெயர் பெற்ற அப்பள்ளத்தாக்கிலிருந்து நோக்கும்போது, நாவலின் பெருமையும் குறையும் ஒருங்கே தெரிகின்றன.

நாவல் எழுப்பும் வினா பெரிது. இப்பேரண்டத்தில் மனிதன் தனியனா? வேறு உலகத்தில் அறிவுடைய உயிர் உண்டாயின், அதனைச் சந்தித்த பின் அவனுடைய சமயமும் வரலாறும் என்னவாகும்? இவ்வினாவுக்குக் கிளார்க் கூறும் விடையையும், அவ்விடையில் இடம் பெறாத மக்களையும் ஒருசேர வைத்து நோக்குதல் ஈண்டு நோக்கமாகும்.

கதை இருபத்திரண்டாம் நூற்றாண்டில் நிகழ்கிறது. வன்னிவார் மோர்கன் என்னும் பொறியியலாளன் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஓர் ஏணி அமைக்கக் கருதுகிறான். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இயங்கும் செயற்கைக்கோள், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுழலும் காலத்திலேயே தானும் ஒரு சுற்றை முடிக்கும். ஆதலால் நிலத்தில் நிற்பவர்க்கு அது வானில் அசையாது நிற்பது போலத் தோன்றும். அக்கோளிலிருந்து கீழ்நோக்கி ஒரு வடத்தையும், அதன் நிறையைச் சமன் செய்யுமாறு மேல்நோக்கி மற்றொரு வடத்தையும் நீட்டிக்கொண்டே சென்றால், கீழ்வடத்தின் நுனி ஒருநாள் நிலத்தைத் தொடும். அவ்வடத்தைப் பற்றி ஊர்திகள் ஏறி இறங்கலாம். இக்கருத்து வெறுங் கற்பனையன்று. உருசியப் பொறியியலாளர் யூரி ஆர்த்சுத்தானொவ் 1960 இல் இதனை எழுதினார். வானில் நிலைத்து நிற்கும் கோள்களைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945 ஒக்டோபரில் கட்டுரை வரைந்தவர் கிளார்க் தாமே.

ஏணியின் அடி பூமத்திய ரேகையில், உயர்ந்ததொரு மலையின் முடியில் ஊன்ற வேண்டும். இலங்கை அந்த ரேகைக்கு வடக்கே கிடக்கிறது. ஆகவே ஆசிரியர் தீவை எண்ணூறு கிலோமீற்றர் தெற்கே நகர்த்தித் தப்ரபேன் என்னும் பழம்பெயரைச் சூட்டினார். 2243 மீற்றர் உயரமுடைய மலையை இருமடங்காக உயர்த்தி ஸ்ரீகந்த என அழைத்தார். இம்மாற்றங்களை அவர் மறைக்கவில்லை. நூலின் முகப்பிலேயே கூறிவிடுகிறார். 1956 முதல் 2008 இல் மறையும் வரை இலங்கையையே வாழிடமாகக் கொண்ட ஒருவர் அத்தீவின் மீது கொண்ட பற்று, நாவலின் பக்கந்தோறும் தெரிகிறது. சீகிரியாவைத் தழுவிய யக்ககலக் குன்றமும், காளிதாசன் என்னும் அரசனின் கதையும், மலைப்படிகளின் இரவுவிளக்கு வரிசையும் பிறநாட்டு வாசகனைக் கட்டிப் போடும் ஆற்றலுடையன. அறிவியல் நாவல்களுக்கு வழங்கும் நெபியூலா, ஹியூகோ ஆகிய இரு பரிசுகளையும் இந்நூல் பெற்றமை தகுதி பற்றியதேயாம்.

இக்கதையோடு பின்னப்பட்ட மற்றோர் இழையே வேற்றுலகத்தாரைப் பற்றியது. மோர்கனின் காலத்துக்குச் சில தலைமுறைகள் முன்னே, ஸ்டார்கிளைடர் என்னும் விண்கலம் சூரியமண்டலத்தினூடே கடந்து செல்கிறது. அதில் உயிர் எதுவும் இல்லை. அறிவுடைய பொறியொன்றே உண்டு. அது மனிதரின் மொழிகளைக் கற்று அவர்களோடு உரையாடுகிறது. தன் பயணத்தில் அறிந்தவற்றைப் பகிர்கிறது. மனிதர் அனுப்பிய சமய நூல்களையும் அது ஆராய்கிறது. தோமஸ் அக்குவைனாஸ் என்னும் கிறித்தவப் பேராசானின் பெருநூலையும் தர்க்கப் பிழைகள் மலிந்ததென வரிவரியாகப் பிரித்துக் காட்டிவிட்டு, நில்லாமற் போய்விடுகிறது. அதன் பின் பூமியில் சமயங்கள் பெரிதும் தளர்ந்துவிட்டன என்பது நாவலின் கூற்று. ஸ்ரீகந்த மலையின் முடியிலுள்ள பௌத்த மடம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதுவே மோர்கனின் ஏணிக்குத் தடையாகவும் நிற்கிறது.

பல உலகங்கள் உண்டு என்னும் எண்ணம் தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதி, அண்டங்கள் கோடிக்கணக்கில் விரிந்து கிடப்பதைப் பாடுவதையும், அவை யாவும் இறைவனுக்கு முன் கதிரொளியில் மிதக்கும் நுண்துகள் போலச் சிறுத்துப் போவதையும் திருவாசகம் பயின்றோர் அறிவர். உலகங்களின் பன்மையால் சமயம் குலைந்துபோகும் என்று அப்பாடல் அஞ்சவில்லை. அப்பன்மையையே வழிபாட்டுக்குப் பொருளாக்கியது. ஸ்டார்கிளைடர் வென்றதாகக் கிளார்க் கூறும் வெற்றி, ஒரு வகையான சமயச் சிந்தனையின் மேல் மட்டுமே செல்லும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

பொகவந்தலாவைக்கும் இவ்வினாவோடு ஒரு பழந்தொடர்பு உண்டு. அவ்வூரின் புனித மரியாள் ஆலய முற்றத்தில், ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1879 இல் அடக்கம் செய்யப்பட்டார். அவர் 1867 இல் எடுத்த படங்களுட் புகழ் பெற்றவை வானியலறிஞர் ஜோன் ஹேர்ஷலின் முகத்தைக் காட்டுவன. இந்த ஹேர்ஷலின் பெயரைச் சொல்லித்தான் 1835 இல் நியூயோர்க்கின் ‘சன்’ நாளிதழ் ஒரு பெரும் பொய்யைப் பரப்பிற்று. தென்னாபிரிக்காவில் அமைத்த தொலைநோக்கியால் சந்திரனில் இறக்கையுடைய மனிதரை அவர் கண்டார் என்பது அச்செய்தி. ஹேர்ஷல் அப்படி எதுவும் கண்டவரல்லர். ஆயினும் மக்கள் நம்பினர். காணாத உலகத்து மாந்தரைக் காணும் வேட்கை அத்துணை வலியது.

அதே கமரன் தம் இறுதி ஆண்டுகளில் இலங்கையிலும் படம் எடுத்தார். அவற்றுட் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் உள்ள உழைக்கும் மக்களிற் பலருக்குப் பெயர் குறிக்கப்படவில்லை; அவர்கள் ஊராலும் தொழிலாலுமே சுட்டப்படுகின்றனர். ஹேர்ஷலின் முகத்துக்குப் பெயரும் புகழும் உண்டு. கமரனின் கல்லறையைச் சூழ்ந்த மண்ணில் உழைத்தோரின் முகங்களுக்குப் பெயர் இல்லை. அறிவார்ந்த கண் தொலைவிலுள்ளதைக் கூர்ந்து நோக்குகையில் அருகிலுள்ளதைப் பெயரின்றி விட்டுவிடும் இவ்வியல்பு, கிளார்க்கின் நாவலிலும் வேறொரு வடிவில் காணப்படுகிறது.

அதனைக் காட்டுதற்கு நாவலில் வரும் ஒரு பாத்திரமே போதும். மலைமடத்தில் பராகர்மர் என்னும் துறவி ஒருவர் உள்ளார். அவர் துறவு பூணுமுன் கொண்டிருந்த பெயர் சோஆம் கோல்ட்பேர்க், பெயரால் யூதர், தொழிலால் அண்டவியல் அறிஞர். ஸ்டார்கிளைடர் எழுப்பிய வினாக்களின் வழியே உண்மையைத் தேடிச் சென்றவர் அவர். மோர்கனின் சோதனையைக் குலைக்க அவர் காற்றை ஏவுகிறார். அக்காற்று பொன்னிற வண்ணத்துப்பூச்சிகளை மலைமுடிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. பூச்சிகள் முடியை அடையும் நாளில் துறவிகள் மலையை விட்டு நீங்குவர் என்னும் பழமொழி நிறைவேற, மடம் வெறுமையாகிறது. கோல்ட்பேர்க்கும் பின்னர்த் துறவைக் கைவிடுகிறார். கதைக்கட்டில் இது நயமான திருப்பமே. ஆயினும் இந்தக் கோல்ட்பேர்க்குக்கு ஊர் இல்லை, பெற்றோர் இல்லை, அவர் பெயருக்குப் பின்னே ஒரு மக்கட்கூட்டத்தின் நினைவு இல்லை. அவருடைய வாழ்வு முழுவதும் ஒரு வாதமாகவே அமைந்துவிடுகிறது.

யூதப் பெயரொன்று பௌத்தத் துவராடைக்குள் மறைந்த செய்தி, இலங்கையின் மெய்வரலாற்றிலும் உண்டு. யேர்மனியின் ஹானோ நகரில் 1901 இல் பிறந்த சீக்மண்ட் பெனிகர், 1936 இல் இலங்கைக்கு வந்து துறவு பூண்டு ஞாணபொனிக்க தேரர் ஆனார். அதற்கு முந்திய ஆண்டிலேயே நாற்சி அரசு நியூரம்பேர்க் சட்டங்களால் யூதரின் குடியுரிமையைப் பறித்திருந்தது. 1939 இல் அவருடைய தாயாரும் இலங்கைக்குத் தப்பி வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் உலகப்போர் மூண்டது. யேர்மனி தன் குடிமகன் அல்லன் என்று தள்ளிய ஒருவரை, பிரித்தானிய ஆட்சி யேர்மானியர் என்று கூறித் தியத்தலாவை முகாமில் அடைத்தது. பின்பு இந்தியாவின் டேராடூன் முகாமிலும் 1946 வரை அவர் காவலில் இருந்தார். ஓர் அரசுக்கு அயலார். மற்றோர் அரசுக்குப் பகைவர். முள்வேலிக்குள் அவர் செய்தது பாளி நூல்களை யேர்மானிய மொழிக்குப் பெயர்க்கும் பணி.

விடுதலையான பின் அவர் மீண்டும் இலங்கைக்கே வந்தார். 1951 இல் அந்நாட்டின் குடியுரிமை அவருக்கு வழங்கப்பட்டது. 1958 இல் நண்பர் இருவரோடு கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தை நிறுவி, சிறுநூல்களை உலகெங்கும் அனுப்பினார். 1994 இல் மறைந்தார். இவரைப் பார்த்துத்தான் கிளார்க் தம் பாத்திரத்தைப் படைத்தார் என்று கொள்ள வேண்டியதில்லை. இரண்டையும் ஒப்பு நோக்கினாலே போதும். கோல்ட்பேர்க் வானத்தைப் பற்றிய ஐயத்தால் மலையேறினார். பெனிகர் ஆடை மாற்றிய காலத்தில் அவர் பிறந்த நாட்டில் அவருடைய இனமே வேட்டையாடப்பட்டுக் கொண்டிருந்தது. கோல்ட்பேர்க்கின் துறவு ஒரு கருதுகோள். வாதம் மாறியதும் கழன்றுவிட்டது. பெனிகரின் துறவோ சிதைந்த வாழ்வைச் செங்கல் செங்கல்லாக மீண்டும் எழுப்பிய கட்டுமானம்.

மீளக்கட்டுதல் என்றால் என்ன என்பதைப் போரிலிருந்து எஞ்சிய யூதர் காட்டிய அளவு வேறு எவரும் காட்டினார் என்பது அரிது. அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். போர் முடிந்தபின் யேர்மனி, ஒஸ்திரியா, இத்தாலி ஆகிய நாடுகளின் அகதி முகாம்களில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் யூதர் தங்கினர். அவர்கள் தம்மை ‘எஞ்சிய மிச்சம்’ என்று பொருள்படும் எபிரேயத் தொடரால் அழைத்துக்கொண்டனர். அம்முகாம்களிற் பள்ளிகள் தோன்றின; இத்திஷ் மொழியில் செய்தித்தாள்கள் வெளிவந்தன; திருமணங்கள் அடுக்கடுக்காக நடந்தன; நாடகங்கள் மேடையேறின. மூனிக் நகரில் அமைத்த வரலாற்று ஆணையம், உயிர் பிழைத்தோரின் வாய்மொழிகளை ஆயிரக்கணக்கில் எழுதிச் சேர்த்தது. முகாம்களுள் இறுதியாக எஞ்சிய ஃபோரன்வால்ட் 1957 இல்தான் மூடப்பட்டது.

அவர்கள் செய்தவற்றுள் ஒன்று, கிளார்க்கின் நாவலோடு நேருக்கு நேர் நிற்பது. யேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் 1948 முதல் 1950 வரை, அமெரிக்கப் படையின் உதவியோடு, தல்மூத் என்னும் சமயப் பெருநூல் 19 தொகுதிகளாக அச்சிடப்பட்டது. அதன் முகப்போவியத்தின் கீழ்ப்பகுதியில் முள்வேலி சூழ்ந்த முகாம். மேற்பகுதியில் மரங்கள் நிற்கும் திருநாடு. அந்நூலின் ஏடுகள் எரிக்கப்பட்ட நாட்டிலேயே அது மீண்டும் அச்சேறியது. ஸ்டார்கிளைடர் இதனை எவ்வாறு ஆராயும்? கடவுள் உண்டென்பதற்கு நிறுவல் எங்கே என்று அது கேட்கும். எஞ்சிய மிச்சத்தினரோ நிறுவலைத் தேடி அந்நூலை அச்சிடவில்லை. தந்தையும் தமையனும் படித்த ஏடு தம் பிள்ளைகளின் கையிலும் இருக்கவேண்டும் என்பதற்காக அச்சிட்டனர். இறந்தோருக்கும் பிறப்போருக்கும் இடையே அறுந்த நூலை முடிச்சிடும் செயல் அது. சமயத்தை வாதமாக மட்டும் காணும் கண்ணுக்கு இச்செயலின் பொருள் எட்டாது.

இங்கே நாவலின் அடிப்படைக் குறை தெற்றெனப் புலப்படுகிறது. கிளார்க் மனிதனை அறியும் உயிராகவும் ஆக்கும் உயிராகவும் கண்டார். அழிவுக்குப் பின் தன் வாழ்வை மீளக் கட்டும் உயிராக அவனைக் காணவில்லை. ஸ்ரீகந்த மலையின் துறவிகள் ஒருநாள் காலையில் அமைதியாக இறங்கிச் செல்கின்றனர். இறங்கிய பின் அவர்கள் எங்கே உறைந்தார்கள், எப்பாத்திரத்தில் உண்டார்கள், யார் அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள் என்பன கதையை அலைக்கவில்லை. இடம்பெயர்தல் அங்கே ஒரு காட்சி. அதன் மறுநாள் கதையில் இல்லை.

மலைநாட்டுத் தமிழரின் வரலாறோ முழுவதும் அந்த மறுநாளின் வரலாறேயாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகவும், கோப்பி நோயுற்றழிந்த பின் தேயிலைக்காகவும், தமிழகத்து ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்டோர் அவர்கள். காடு வெட்டி மலையைத் தோட்டமாக்கினர். வாழ்ந்த லயக்காம்பிரா அவர்களுக்குச் சொந்தமன்று. வேலை போனால் கூரையும் போகும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்ற நிலையை இறுதியாகத் தீர்க்க 2003 இல் மற்றொரு சட்டம் தேவைப்பட்டது.

யூதருக்கு நேர்ந்த பேரழிவையும் தோட்டமக்களுக்கு நேர்ந்த உரிமையிழப்பையும் ஒன்றெனக் கூறுதல் தவறு. ஓர் இனத்தையே கொன்றொழிக்க முனைந்த அரசின் செயலோடு, குடியுரிமை மறுத்த அரசின் செயலை ஒரே தராசில் இடலாகாது. ஆயின் சட்டத்தின் ஒரு வரியால் அயலாராக்கப்படும் அநுபவம் இரு சாராருக்கும் உரியது. ஞாணபொனிக்க தேரருக்கு 1951 இல் இலங்கை தன் கதவைத் திறந்தது. அது அந்நாட்டுக்குப் பெருமை. ஐரோப்பாவில் பிறந்த ஒருவரை உறவாக ஏற்ற அதே ஆண்டுகளில், இலங்கை மலையிலேயே பிறந்து அங்கேயே மண்ணாகவிருந்த இலட்சக்கணக்கானோரை அயலார் என அந்நாட்டுச் சட்டம் குறித்தது. ஏற்கும் மனமும் தள்ளும் மனமும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இயங்கியமை ஆராயற்பாலது. தேரர் வந்தவர் ஒருவர். தோட்டமக்கள் ஒரு பெருந்தொகை. ஓர் அயலானை ஏற்பது அறம் எனப்படும். ஒரு கூட்டத்தை ஏற்பது அரசியல் எனப்படும். கிளார்க்கின் ஸ்டார்கிளைடரும் தனியாக வந்து, எதனையும் கேளாமல் சென்ற விருந்தே. தங்க இடம் கேட்கும் அயலானைப் பற்றி நாவலின் பெரும்பகுதியில் பேச்சில்லை. கதையை நடத்தும் பாத்திரங்களுள் அம்மலைச்சரிவின் தோட்டத் தொழிலாளர் ஒருவரும் இல்லை.

அவ்விடத்தை நிரப்பியவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த இவர், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர்; தம் மக்களின் குடியுரிமை பறிபோன காலத்தில் அம்மன்றத்திலேயே இருந்தவர். ஆங்கிலத்தில் அவர் இயற்றிய நெடும்பாடல் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் பெயரில் சக்தீ பாலையாவால் தமிழாயிற்று. 1970 இல் வெளிவந்த அவருடைய ஆங்கில உரைநடை நூல், உழைக்கப் பிறந்தவர்களாகிய தோட்டத்து மாந்தரை ஒவ்வொருவராகத் தீட்டிக் காட்டுகிறது. ‘வீடற்றவன்’, ‘நாடற்றவர் கதை’ என்னும் அவருடைய தமிழ் நூற்பெயர்களே ஒரு வரலாற்றைச் சுருக்கி உரைப்பன. பெரட்டுக்களத்தில் எண்ணாக நின்றவர்க்கு எழுத்திலே முகம் கொடுத்தமை அவர் பணி. கமரனின் படங்கள் பெயரின்றி விட்டவர்களை, அவர் எழுத்துப் பெயரோடும் பேச்சோடும் நிறுத்திற்று.

அவர் தோட்டப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். மூனிக் நகரின் ஆணையம் வாய்மொழிகளைச் சேர்த்ததும் இவர் பாடல்களைச் சேர்த்ததும் ஓரினச் செயல்களே. இல்லம் இழந்தோர் முதலிற் கட்டும் வீடு சொல்லால் ஆனது. தோட்டமக்கள் கடல் கடந்து கொண்டுவந்தவற்றுள் மாரியம்மன் வழிபாடும், காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கர் கதையும் அடங்கும். கொழுந்து நிறுத்துக் கொடுத்த பின் எஞ்சிய இரவுகளில் இவற்றை அவர்கள் காத்தனர். இரதியின் புலம்பலைக் கேட்டு லயத்து முற்றத்தில் மக்கள் கண்கலங்குவது, மன்மதன் எரிந்த செய்தி மெய்யா பொய்யா என்று ஆய்ந்த பின்னன்று. எரிந்தவன் எழுவான் என்னும் நம்பிக்கையை ஆண்டுதோறும் ஊரே கூடி நடித்துப் பார்ப்பதில் அவர்களுடைய சமயம் உயிர் வாழ்கிறது. ஸ்டார்கிளைடரின் தர்க்கம் வெல்லாத இடம் இது. வெல்ல வேண்டிய தேவையும் அதற்கு இல்லாத இடம்.

நாவல் எழுந்த காலத்தை நோக்கினால் இவ்விரு உலகங்களின் தூரம் மேலும் விளங்கும். 1960 இல் பிராங் டிரேக் என்னும் வானியலாளர், சூரியனைப் போன்ற இரு விண்மீன்களை நோக்கி வானொலித் தொலைநோக்கியைத் திருப்பி, வேற்றுலகத்தாரின் சைகைக்குச் செவி கொடுத்தார். 1977 ஆகஸ்டு 20 ஆம் நாள் வொயேஜர் 2 விண்கலமும், செப்டெம்பர் 5 ஆம் நாள் வொயேஜர் 1 விண்கலமும் ஏவப்பட்டன. வழியில் எவரேனும் கண்டெடுப்பார் என்னும் நம்பிக்கையில், மனிதகுலத்தின் வாழ்த்துகளை 55 மொழிகளில் பதித்த பொற்றகடு ஒவ்வொன்றிலும் வைக்கப்பட்டது. எபிரேயம் அதில் உண்டு, சிங்களம் உண்டு, தெலுங்கும் கன்னடமும் உண்டு. தமிழ் இல்லை. அதே ஆகஸ்டு மாதத்திலேயே இலங்கையில் தமிழருக்கெதிரான வன்செயல் பரவிற்று. தோட்டங்களிலிருந்த குடும்பங்கள் பல, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வவுனியாப் பக்கம் சென்று, காட்டோரங்களில் மீண்டும் குடிசை கட்டின. வானுக்கு வணக்கம் சொல்லிய மாதமும், அயலவர் வீட்டுக்குத் தீ வைத்த மாதமும் ஒன்றாயிருந்தன. ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ இதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள் வெளிவந்தது.

இதனைக் கொண்டு கிளார்க்கைக் குற்றவாளியாக்குதல் திறனாய்வாகாது. விண்வெளி நாவலாசிரியர் தோட்டத் தொழிலாளியைப் பாடியே ஆகவேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. ஆனால் ஒரு நாவல் தானே எழுப்பிய வினாவுக்கு விடையிறுத்ததா என்று கேட்கும் உரிமை வாசகனுக்கு உண்டு. ‘அறிவுடைய அயலானைச் சந்தித்தால் மனிதன் மாறுவானா?’ என்பது அவர் எழுப்பிய வினா. மாறுவான், அவன் மூடநம்பிக்கைகள் உதிரும் என்பது அவர் விடை. மலைநாட்டின் அநுபவமும் யூதரின் அநுபவமும் இவ்விடையை ஏற்கத் தயங்குகின்றன. தர்க்கத்தில் தேர்ந்த யேர்மனியே முள்வேலியையும் தேர்ந்து கட்டிற்று. அறிவு பெருகுவதால் அயலான் உறவாவதில்லை. அவனுக்கு வாசலும் வாக்கும் நிலமும் பெயரும் கொடுக்கப்படும்போதே உறவாகிறான்.

நாவலின் இறுதிப் பகுதி இக்குறையை ஆசிரியரே ஓரளவு உணர்ந்தார் என்று எண்ண வைக்கிறது. மோர்கன் தன் கோபுரத்தில் அகப்பட்டவர்களுக்கு மூச்சுக்காற்றும் உதவியும் கொண்டுசென்று, திரும்பும் வழியில் உயிர் விடுகிறான். அவன் வாழ்வின் சிறந்த செயல் ஏணி கட்டியதன்று. அதன் வழியே பிறருக்காக ஏறியது. அதன் பின் கதை நெடுங்காலம் தாவுகிறது. சூரியன் குளிர்ந்து, பூமி பனியில் உறைந்து, மனிதர் தம் பிறந்தமண்ணை விட்டு நீங்கியிருக்கும் காலம் அது. அப்போது வருகின்ற வேற்றுலகப் பிறவி, ஸ்டார்கிளைடரைப் போல நில்லாது ஓடவில்லை, தங்குகிறது, குழந்தைகளோடு பேசுகிறது. வீடிழந்த மனிதகுலமும் விருந்தாக வந்த அயலானும் ஒருங்கே இருக்கும் இக்காட்சி சில பக்கங்களே. ஆயினும் நூலின் மிக மெல்லிய, மிக மெய்யான பகுதி அதுவே. மனிதர் யாவரும் அகதியான பின்னரே கிளார்க்கின் எழுதுகோல் அகதியின் அருகே அமர்ந்தது.

ஆகவே ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ பொறியியற் கனவால் உயர்ந்த நூல். மலையின் முடியை நன்கு கண்ட நூல். மலையின் சரிவைக் காணாத நூல். கல்லூரி மாணவர் அதனை விலக்க வேண்டியதில்லை. விரும்பிக் கற்க வேண்டும். நிலையான கோளின் இயக்கத்தை அத்துணைத் தெளிவாக விளக்கும் புனைகதை அரிது. ஆனால் அதனைத் தனியே கற்றலாகாது. பொகவந்தலாவையின் மாணவன் ஒருவன் அந்நாவலை நூலகத்திலிருந்து எடுக்கும்போது, வேலுப்பிள்ளையின் ‘நாடற்றவர் கதை’யையும் உடன் எடுத்துச் செல்வானாக. முன்னதில் மலையுச்சியிலிருந்து வானுக்குப் போகும் வழி உண்டு. பின்னதில் அம்மலைக்குத் தன் பாட்டனார் ஏறி வந்த வழி உண்டு. இரண்டையும் கற்றவன் எழுதப்போகும் நாவல் இன்னும் எழுதப்படவில்லை.